ஏலகிரிக்கு ஒரு நாள் வண்டி

என் கையெழுத்து கோழி கிளறிய மண் மாதிரி இருக்கும். பிழைகளும் நிறைய இருக்கும். உங்களோடு ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன், அதற்குப் பிறகு எழுத வேண்டிய வேலை எதுவும் எனக்கு வாய்க்கவில்லை. பஞ்சர் கடையில் யார் எழுதச் சொல்கிறார்கள்? போனில் எழுத்துகளைத் தட்டிச் சேர்க்கவும் எனக்கு வரவில்லை. ஆகவே தாளில் எழுதி, மகளிடம் கொடுத்துப் படம் பிடித்து நம் குழுவில் போடச் சொல்லியிருக்கிறேன். புரியாத இடத்தைத் தாண்டிப் போய்விடுங்கள். தயவுசெய்து சிரிக்காதீர்கள்.

போன மாதம் நம்மில் ஒருவன் குடும்பத்தோடு ஏலகிரிக்குப் போய்வந்து படங்கள் போட்டான். கீழே என்னைக் கேட்டிருந்தான். "டேய், உச்சியில கொளம் கீது, யானை மாதிரி கல்லு கீதுன்னு ஸ்கூல்ல சொல்லிகினே இருப்பியே. ஒண்ணத்தையும் காணோமேடா." அவனுக்குப் பதில் போடாமல் இருந்துவிட்டேன். பேச்சு எனக்கு எப்போதும் வராது என்பது உங்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் நான் வாய் திறந்தது அந்த மலையைப் பற்றிச் சொல்லத்தான். அதனால் அவனுக்குச் சுருக்கமாகப் பதில் சொல்ல மனம் வரவில்லை. நீளமாகச் சொல்கிறேன்.

அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். செங்கல்பட்டில் ஒரு முதலாளியிடம் வாடகைக் கார் ஓட்டினார். வெள்ளை அம்பாசிடர். எங்கள் காலனியில் அவர் தலைமுறைக்கு முன்னால் எல்லோரும் அடுத்தவர் வயலில் குனிந்து வேலை செய்தவர்கள். அதனால் நைனாவைத் தெருவில் கேலி செய்வார்கள். "குந்திகினே சம்பாரிக்கிறவரு வர்றாரு, எந்திரிச்சு நில்லுங்கடா" என்பார்கள். நைனா சிரித்துக்கொண்டே போவார். உள்ளுக்குள் அது அவருக்குப் பிடித்திருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

குளிர் மாதங்களில் மாமல்லபுரம் ஓட்டல்களில் தங்கும் வெள்ளைக்காரர்களை வேடந்தாங்கலுக்குப் பறவை பார்க்கக் கூட்டிப்போவார். கோடை வந்தால், கல்பாக்கம் அணு நிலையத்தில் வேலை செய்கிறவர்கள் குடியிருக்கும் அணுபுரத்துக் குடும்பங்கள். அவர்களுக்கு மலை வேண்டும். ஊட்டி, கொடைக்கானல் என்றால் இரண்டு மூன்று நாள் ஆகும். ஒரே நாளில் போய்த் திரும்ப ஏலகிரிதான். சனிக்கிழமை இருட்டோடு கிளம்பினால் அன்றைக்கே பிள்ளைகளைத் தூங்கிய நிலையில் வீட்டு வாசலில் இறக்கிவிடலாம். அதனால் நைனா அதிகம் போன மலை அதுதான்.

திரும்பி வந்ததும் கைகால் கழுவிக்கொண்டு, ஒரு காலை மடித்துச் சுவரோரம் உட்காருவார். அம்மா டீ கொடுப்பாள். அக்கா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அவர் சட்டையில் டீசலும் ரெக்சின் சீட்டும் யாரோ பூசியிருந்த சென்ட்டும் சேர்ந்து ஒரு வாசனை வரும். அந்த வாசனை இல்லாமல் எனக்கு மலை ஞாபகம் வருவதில்லை.

"மேல காத்து எப்டி அடிக்கும்ன்ற? தோள்ல துண்டு போட்டன்னு வெச்சுக்கோ, துண்டு ஆந்திராவுக்குப் போய்டும்."

"அப்புறம் நைனா?"

"உச்சியில ஒரு கொளம். எந்த வெயிலுக்கும் வத்தாது. கையி வெச்சா ஐஸு. பக்கத்துல யானை படுத்துகினு கீற மாதிரி ஒரு கல்லு. அதுமேல ஏறி நின்னா ஜோலார்பேட்டையில ரயிலு போறது மரவட்ட மாதிரி தெரியும்."

அம்மா அடுப்படியிலிருந்தே கேட்பாள். வேலை இருப்பது போல் நடமாடிக்கொண்டிருப்பாள், ஆனால் பாத்திரச் சத்தம் மட்டும் நின்றுவிடும். அவள் ரயிலில் காஞ்சிபுரம் வரை போயிருக்கிறாள், அதற்கு மேல் எங்கும் போனதில்லை.

கதையோடு சில நாள் பொருளும் வரும். சவாரி வந்தவர்கள் பின் சீட்டில் மறந்து விட்டுப்போனவை. முதலாளியின் ஆபீசில் கொடுத்து வைத்து, யாரும் கேட்டு வராவிட்டால் நைனாவுக்கு. ஒரு கைக்கு மட்டும் ஊதா நிறக் கம்பளி உறை. பாதி பிதுக்கிய, தேங்காய் வாசனை அடிக்கும் ஒரு களிம்பு. பைனாகுலரின் கறுப்பு மூடி. அந்த மூடியை நான் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துவந்து உங்களுக்குக் காட்டியிருக்கிறேன். பிறகு அது எங்கே போனதென்று தெரியவில்லை.

நாம் ஐந்தாவது முடித்த கோடையில் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை மதுராந்தகம் பக்கம், ரைஸ் மில்லில் வேலை. வைகாசியில் முகூர்த்தம். அக்கா பிளஸ் டூ முடித்துவிட்டு செங்கல்பட்டில் டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். நிச்சயம் ஆனதும் அது நின்றது. பாத்திரம், புடவை என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்த ஒரு மாலையில், உனக்கு என்ன வேண்டும் என்று நைனா அவளைக் கேட்டார்.

"ஏலகிரிக்குப் போவணும். உச்சிக்கு ஏறணும். நீதான் கூட்டிகினு போவணும்."

"பாத்திரம் கேளுன்னா மலையைக் கேக்குது பாரு" என்று அம்மா சிரித்தாள்.

"பாத்திரம் வாணாம். நைனாவும் நானும் போய்ட்டு வர்றோம். வேற யாரும் வாணாம்."

இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் எல்லாம் பிடித்துக்கொண்டது.

அம்மாவின் தம்பி எங்களுக்கு மாமா. மாமல்லபுரத்தில் ஒரு சிற்பக் கூடத்தில் கல்லுக்குப் பாலிஷ் போடுகிற வேலை. உடம்பெல்லாம் வெள்ளைத் தூசியோடு சைக்கிளில் வருவார். புருவமும் வெளுத்திருக்கும், அதனால் அவர் யோசித்தால் ஒரு பெரியவர் யோசிப்பது போல் இருக்கும். விஷயத்தைக் கேட்டதும் கொஞ்ச நேரம் புருவத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டார். தனியாக என்றாலும் எங்கள் வீட்டில் தனி இடம் ஏது? நான் பக்கத்திலேயே இருந்தேன்.

"அக்கா, டைப்ரைட்டிங் கிளாஸுல சொல்லித்தர்ற பையன் எந்த ஊரு?"

"தெரியாதே."

"நான் விசாரிச்சேன். ஜோலார்பேட்ட. ஏலகிரி எங்க கீது? ஜோலார்பேட்டைக்கு மேல கீது. உன் பொண்ணு எங்க போவணும்ன்றா? ஏலகிரிக்கு. யாரும் கூட வாணாம்ன்றா. இதுக்கு மேல நான் இன்னா சொல்லணும்?"

அம்மா முகம் வெளுத்துவிட்டது. கல்யாணத்துக்கு ஒரு மாதம்கூட இல்லை. பத்திரிகை அடித்துவிட்டார்கள். அம்மா அக்காவை எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்தாள் என்பது இப்போது எனக்குத் தெரிகிறது. அவள் நைனாவிடம் போய், "போறதுன்னா எல்லாரும் போவலாம், என் தம்பியும் வரட்டும்" என்று மட்டும் சொன்னாள். நைனாவுக்குக் காரணம் தெரியாது. "வரட்டுமே, வண்டியில எடம் கீது" என்றார்.

அக்கா இதைக் கேட்டதும் தலை குனிந்துகொண்டாள். "சரி, எல்லாரும் வரட்டும். நைனா வந்தா போதும்" என்றாள். அது மாமாவுக்கு இன்னும் சந்தேகத்தைக் கிளப்பியது.

அதற்குப் பிறகு ஒரு வாரம் எங்கள் வீட்டில் வேறு பேச்சு இல்லை. நைனா வாசல் மணலில் ஒரு குச்சியால் வழி போட்டுக் காட்டுவார். காஞ்சிபுரம், வாலாஜா, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி. மலையடிவாரத்தில் ஒரு கோடு. அதற்கு மேல் பதினான்கு வளைவுகளையும் ஒன்று விடாமல் வரைவார். எந்த வளைவில் பஸ்ஸுக்கு வழி விட வேண்டும், எதில் குரங்குகள் உட்கார்ந்திருக்கும், எதில் இரண்டாவது கியருக்கு இறங்க வேண்டும் என்பதெல்லாம் சொல்வார். பதினான்காவது வளைவு முடிந்து வண்டி நிறுத்தும் இடம் வரை குச்சி ஓடும். அங்கே நின்றுவிடும். அதற்கு மேல் கையால் காற்றில் காட்டுவார்.

"அங்கேர்ந்து ஒரே வழிதான். ஏறிகினே போவ வேண்டியது."

"வலது பக்கமா, எடது பக்கமா நைனா?" என்று அக்கா கேட்டாள்.

"மேல் பக்கம்" என்றார் நைனா. நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அக்காவும் சிரித்தாள், கொஞ்சம் தாமதமாக.

சாப்பாட்டுக்கு அம்மா கருவாட்டுத் தொக்கு செய்யப் போவதாகச் சொன்னாள். நைனா ஒரே போடாகப் போட்டார். "வண்டியில வாசன வரக்கூடாது. மறுநாள் அணுபுரத்து சார் வூட்டு சவாரி கீது. அந்தம்மா கதவத் தொறந்ததும் மூக்க சுளிச்சா நான் இன்னா பதில் சொல்றது?" ஆகவே மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் புளிசோறும் என்று முடிவானது. வாழைப்பழத் தோலைச் சீட்டுக்கடியில் போடக் கூடாது. கண்ணாடியில் கையை வைக்கக் கூடாது. தலைக்கு எண்ணெய் தடவிக்கொண்டு சீட்டில் சாயக் கூடாது. கடைசியில் அம்மா, "இதுக்கு நாங்க நடந்தே வந்துர்றோம்" என்றாள்.

முதலாளி வண்டியைத் தர ஒப்புக்கொண்டார். கல்யாணப் பெண்ணுக்காக ஒரு நாள். ஆனால் வழக்கமான கட்டளையையும் சொன்னார். பின்பக்க இடது கதவின் பூட்டு வேலை செய்யாது, எந்த ஊரிலும் வண்டியை விட்டு நகரக் கூடாது. புதுக் கட்டளை இல்லை அது. நைனாவுக்கு அது வேலையின் முதல் பாடம்.

கிளம்பும்போது இன்னும் விடியவில்லை. மாமா வெள்ளைத் தூசி இல்லாமல் குளித்து வந்திருந்தார், அடையாளமே தெரியவில்லை. முன் சீட்டில் நைனாவுக்குப் பக்கத்தில் நான், ஓரத்தில் மாமா. பின்னால் அம்மாவும் அக்காவும். மாமா அடிக்கடி கழுத்தைத் திருப்பி அக்காவைப் பார்த்துக்கொண்டு வந்தார். நைனா காக்கி போடவில்லை, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்ததும் அவர் வேறு ஆளாகிவிட்டார். எங்களோடு பேசவில்லை. நாங்கள் பேசினால் கண்ணாடியில் ஒரு முறை பார்ப்பார், பிறகு சாலையைப் பார்ப்பார். அவர் வேலை செய்வதை நான் அன்றைக்குத்தான் முதல் முறையாகப் பார்த்தேன்.

வேலூரைத் தாண்டி ஒரு கடையில் நாஸ்தா. அங்கே ஒரு காரியம் நடந்தது. நாங்கள் கடைக்குள் போய் மேசையில் உட்கார்ந்தோம். இலை போட்டுவிட்டார்கள். நைனாவைக் காணோம். பார்த்தால் கடைக்கு வெளியே, டிரைவர்கள் நின்று சாப்பிடும் பலகையின் முன்னால் தட்டோடு நிற்கிறார். அம்மா போய்க் கூப்பிட்டாள். அவர் திடுக்கிட்டு, "அட ஆமா" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தார். மாமா விழுந்து விழுந்து சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

மலையில் ஏறும்போது நைனா சொன்ன இடங்களில் எல்லாம் குரங்குகள் இருந்தன. சொன்ன வளைவில் பஸ் வந்தது. ஐந்தாவது வளைவுக்கு மேல் மாமா பேச்சை நிறுத்தினார். எட்டாவதில் ஓரம் கட்டச் சொல்லி இறங்கி, பாறையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். "யாருக்குக் காவலுக்கு வந்தியோ அவதான் உனக்குத் தண்ணி குடுக்குறா பாரு" என்று அம்மா அவர் காதில் சொன்னாள். அக்கா சொம்போடு நின்றிருந்தாள்.

மேலே காற்று குளிர்ச்சியாக இருந்தது, பலாப்பழம் வாசம் அடித்தது. சாலையோரம் எங்கும் பலாப்பழங்களைக் குவித்து வைத்திருந்தார்கள். ஏரியைச் சுற்றிவிட்டு, ஏலகிரியின் உச்சியான சாமிமலைக்கு ஏறும் இடத்துக்குப் போனோம். ஒரு பெரிய பலா மரம், அடியில் டீக்கடை, நாலைந்து கார்கள். நைனாவைப் பார்த்ததும் அங்கிருந்த டிரைவர்கள் கை தூக்கினார்கள்.

"வா அண்ணாத்த. இன்னா, இன்னிக்கு எந்த ஊரு பார்ட்டி?"

நைனா சிரித்தார். இறங்கி, வண்டியைச் சுற்றி வந்து, பின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அம்மா இறங்கினாள். அக்கா இறங்கினாள். கதவைச் சாத்தினார். "பாத்து போய்ட்டு வாங்க, பொறுமையா வாங்க, நான் இங்கயேதான் கீறேன்" என்று சொல்லிவிட்டு, முன் சீட்டின் இரண்டு கதவுகளையும் விரியத் திறந்து, துண்டை உதறிப் போட்டுப் படுத்துவிட்டார்.

இதில் விந்தை என்னவென்றால், நாங்களும் போய்விட்டோம். அம்மா சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டாள், மாமா முன்னால் நடந்தார், நான் ஓடினேன். அவர் சொன்ன விதம் அவ்வளவு இயல்பாக இருந்தது. அக்கா மட்டும் இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள். பிறகு அவளும் வந்தாள்.

வழியை டீக்கடைக்காரரிடம்தான் கேட்டுக்கொண்டோம். முதலில் தோட்டங்கள், பிறகு புதர், பிறகு கல்லும் வேருமாக ஒற்றையடிப் பாதை. பாதி தூரம் போயிருப்போம். வழியோரம் ஒரு பாறை. அக்கா அதில் உட்கார்ந்தாள்.

"கால் வலிக்குதா?" என்றாள் அம்மா.

"இல்ல. நைனா வந்தாதான் மேல ஏறுவேன்."

"அவருதான் எத்தினியோ தபா வந்தவராச்சே. நீ வா."

"வர மாட்டேன்."

மாமா அம்மாவைப் பார்த்தார். நான் சொன்னேன் இல்லையா என்று பார்வையிலேயே கேட்டார். யாருக்காகவோ காத்திருக்கிறாள் என்று அவருக்கு உறுதியாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து மேலிருந்து ஒரு இளைஞன் தலையில் பலாப்பழத்தோடு இறங்கி வந்தான். மாமா வழியை மறித்துக்கொண்டு நின்றார்.

"தம்பி எந்த ஊரு?"

"இதே ஊருதாங்க."

"டைப்ரைட்டிங் தெரியுமா?"

"இன்னாங்க?"

"ஒண்ணுமில்ல, போ."

அவன் எங்களை ஒரு மாதிரி பார்த்துவிட்டு இறங்கிப் போனான். மாமா அவன் மறையும் வரை அவன் பின்னாலேயே கொஞ்ச தூரம் போனார். அம்மா ஒரு மர நிழலுக்கு நகர்ந்து உட்கார்ந்து, முந்தானையால் விசிறிக்கொண்டாள். அப்போதுதான் அக்கா என்னைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு சொன்னாள்.

"யாராண்டயும் சொல்லக்கூடாது. நைனா இங்க வந்ததே இல்ல."

"எங்க?"

"மேல. ஒரு தபாகூட ஏறுனதில்ல. என் கூடப் படிச்ச பொண்ணோட அம்மா, அணுபுரத்துல கீறாங்க. பஸ் ஸ்டாண்டுல என்னைப் பாத்து, உங்க அப்பா ரொம்ப நல்லவரும்மா, நாங்க ஏறி எறங்குற வரைக்கும் வண்டிய வுட்டு அசைய மாட்டாரு, வாங்கன்னு கூப்புட்டாகூட வர மாட்டாருன்னு சொன்னாங்க. எந்த ஊருக்குப் போனாலும் அப்டித்தானாம்."

எனக்குப் புரியவில்லை. அப்படியானால் குளம்? யானைக் கல்?

"வண்டியில வர்றவங்க திரும்பி போறப்ப பேசிகினு வருவாங்க இல்ல? அத்த கேட்டுகினு வந்து நமக்கு சொல்றாரு. ஒவ்வொரு மலையில கீறதையும் ஒவ்வொருத்தரு சொல்லுவாங்க. எல்லாம் கலந்துடுச்சு." பிறகு, "நான் போய்ட்டா யாரு அவர கூட்டியாரப் போறாங்க? இன்னிக்கு ஒரு நாளு அவரு பாக்கட்டும். நீ போய் கூட்டிகினு வா. எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியக்கூடாது" என்றாள்.

நான் எழுந்தேன். வண்டிக்கு ஆள் வேண்டுமே என்று அக்காவே சத்தமாகச் சொன்னாள். "மாமா, நீயும் கீழ போ. நீ வண்டியாண்ட இரு, நைனா வரட்டும்."

மாமா தவித்துப்போனார். பெண்ணைக் காவல் காக்க வந்தவரைக் கார் காக்கப் போ என்றால்? ஆனால் அவள் அசையப் போவதில்லை என்பதும் தெரிந்தது. என்னோடு இறங்கினார். கொஞ்சம் நடப்பார், நின்று திரும்பிப் பார்ப்பார். பாறையில் அக்கா அப்படியே உட்கார்ந்திருப்பாள்.

நைனா முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். கால்கள் கதவுக்கு வெளியே நீட்டியிருந்தன. மரத்தடியில் மற்ற டிரைவர்கள் சீட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள்.

"நைனா, அக்கா உன்ன கூப்புடுது."

சட்டென்று எழுந்தார். "இன்னாச்சு? வியுந்துட்டாளா?"

"இல்ல. நீ வந்தாதான் மேல ஏறுமாம்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மலையைப் பார்த்தார். "நான் எத்தினி தபா பாத்தது. நீங்க பாருங்க, போ."

எனக்குத் தெரிந்திருந்தது. மாமாதான் சலித்துக்கொண்டார். "மாமா, நீ போய்டு மாமா. ஒரே பேஜாரா கீது. பாறை மேல குந்திகினு எயுந்துக்கவே மாட்டேங்குது. வண்டிய நான் பாத்துக்குறேன்."

"வண்டிய வுட்டு எப்டி மச்சான்?"

சீட்டு ஆடுகிறவர்களில் ஒருவர் தலையைத் தூக்காமலே சொன்னார்: "போ அண்ணாத்த. பார்ட்டி கூப்புடுது, போ."

எல்லோரும் சிரித்தார்கள். நைனாவும் சிரிக்கப் பார்த்தார். கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்தினார், பின்பக்க இடது கதவை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். சாவியை மாமாவிடம் கொடுக்கவில்லை, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு என்னோடு நடந்தார்.

அவருக்கு நடக்க வரவில்லை என்பதை அன்றுதான் கண்டேன். கொஞ்ச தூரத்திலேயே மூச்சு வாங்கியது. கிளட்ச் மிதிக்கிற இடது காலை ஊன்றும்போது முகம் சுளித்தார். அவர் செருப்பு வண்டிக்கேற்ற செருப்பு, கல்லில் வழுக்கியது. கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். பாதை இரண்டாகப் பிரிந்த ஓரிடத்தில் என்னைப் பார்த்தார். நான் வலது பக்கம் நடந்தேன். அவர் பின்னால் வந்தார்.

அக்கா அவரைக் கண்டதும் எழுந்து முன்னால் போய்விட்டாள். முகத்தைக் காட்டவில்லை. நால்வரும் ஏறினோம்.

உச்சியில் பாறைகளும், சின்னதாக ஒரு கோயிலும் இருந்தன. காற்று நன்றாக அடித்தது. எல்லாப் பக்கமும் வெளிர்நீலத்தில் சமவெளி, தொலைவில் வேறு மலைகள். ரயில் எதுவும் அப்போது போகவில்லை. அக்கா நைனாவுக்குப் பக்கத்தில் நின்றாள். அவர் நெடுநேரம் பார்த்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. அக்காவின் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்ததைப் பார்த்தேன். கல்யாணத்தன்றுகூட அப்படி நான் பார்க்கவில்லை.

அம்மா கோயிலைச் சுற்றி வந்தாள். பாறைகளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். இன்னொரு பக்கம் போய்ப் பார்த்தாள். பிறகு எங்களிடம் வந்து, இத்தனை வருஷமாக அடுப்படியிலிருந்து கேட்டதை எல்லாம் மனதில் வைத்துக்கொண்டு, உண்மையாகவே தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்டாள்.

"இன்னாங்க, கொளம் எங்க கீது? சொம்புல கொஞ்சம் தண்ணி எடுத்துக்கலாம்ன்னு பாத்தேன்."

அக்கா, "வெயிலுக்கு வத்தியிருக்கும்மா" என்று அவசரமாகச் சொன்னாள். எந்த வெயிலுக்கும் வற்றாத குளம் என்று சொன்னவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

நைனா அக்காவைத் திரும்பிப் பார்த்தார். அவளுக்குத் தெரியும் என்பது அப்போது அவருக்குத் தெரிந்துபோயிற்று. கையிலிருந்த செருப்பைக் கீழே போட்டுக் காலில் மாட்டிக்கொண்டார்.

"தெரியாது" என்றார் அம்மாவிடம். "நான் இப்பதான் வர்றேன்."

அம்மா கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள். பையைப் பிரித்து, இலையில் புளிசோறு வைத்து அவருக்குத்தான் முதலில் கொடுத்தாள். அவர் நின்றுகொண்டே சாப்பிட்டார். சாப்பிடும்போது கீழே மரங்களுக்கு நடுவில் எதையோ தேடினார். வண்டி தெரிகிறதா என்று பார்க்கிறார் என்று நினைத்தேன். கையைக் கழுவியதும், "போவலாமா? மச்சானுக்கு கதவு சாத்தத் தெரியாது" என்றார்.

கீழே மாமா டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சீட்டு ஆடுகிறவர்களோடு சிநேகமாகியிருந்தார். இறங்கி வந்த எங்கள் நான்கு பேரையும் எண்ணிப் பார்த்தார் போலிருக்கிறது, கூட வேறு யாரும் வரவில்லை என்றதும் நிம்மதியாகிவிட்டார். அன்றைக்கு வெற்றி பெற்றவர் அவர் ஒருவர்தான். தன்னுடைய காவலால்தான் எதுவும் நடக்கவில்லை என்று பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார். டைப்ரைட்டிங் சொல்லித்தந்தவருக்கு இரண்டு பிள்ளைகள் என்பது பிறகு தெரிந்தபோதுகூட ஒத்துக்கொள்ளவில்லை.

திரும்பும் வழியில் எல்லோரும் தூங்கினோம். நைனா யாரையும் எழுப்பாமல் ஓட்டினார்.

வைகாசியில் கல்யாணம் நன்றாக நடந்தது. நீங்கள் சிலர் வந்து பந்தியில் சாப்பிட்டீர்கள். ஆடிக்கு அக்காவை அம்மா வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். அவள் வந்த மறுநாள் நைனா ஊட்டிச் சவாரி முடிந்து வந்தார். கைகால் கழுவினார், காலை மடித்துச் சுவரோரம் உட்கார்ந்தார். அக்கா பழையபடி ஒரு பக்கம் வந்து உட்கார்ந்தாள், நான் இன்னொரு பக்கம்.

"எப்டி கீது நைனா ஊட்டி?"

"தெரியலம்மா. நான் வண்டியில இர்ந்தேன்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். மேலே ஏதாவது சொல்வார் என்று அக்கா காத்திருந்தாள். அவர் குடிக்கத் தண்ணீர் கேட்டார். எடுத்துவரப் போன அக்கா வெகுநேரம் வெளியே வரவில்லை. அம்மாதான் சொம்பைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

இதை எழுதி முடித்தது: ஆவணி மாதம், இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல்.